அவர் கடிகாரத்தில் ஓடிய என் நாடி

ஒன்றரை மாதம் என் நாடித்துடிப்பை ஒரு பெண் கடலுக்கு அந்தப் பக்கம் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அது தன் அப்பாவுடையது என்று நம்பியிருந்தாள். அப்படி நம்ப வைத்ததில் என் பங்கு பெரியது.

நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த ஊரிலும் சேர்ந்தாற்போல் இரண்டு வருஷம் இருந்ததில்லை. திருப்பூரில் பனியன் மடித்தேன், கோவாவில் ஓட்டலில் பாத்திரம் கழுவினேன், குஜராத்தில் கப்பல் உடைக்கும் இடத்தில் ஒரு மழைக்காலம் முழுக்கக் கிடந்தேன். தூத்துக்குடிக்கு ஒரு லாரியில் கிளீனராக வந்தேன். லாரி திரும்பிப் போனது, நான் போகவில்லை. முத்தையாபுரத்தில் மூன்று பேரோடு ஒரு அறை. துறைமுகத்தில், கப்பல்மேல் அடுக்கும் கன்டெய்னர்களைக் கம்பி போட்டு இறுக்கும் வேலை.

கால் ஓரிடத்தில் நிற்காத ஆளுக்கு ஓடுவது பெரிய காரியமில்லை. அறையில் புழுக்கம் தாங்காமல் விடியுமுன் எழுந்து துறைமுகச் சாலையில் ஓடிக்கொண்டிருந்தேன். ரப்பர் செருப்புதான். ஒருநாள் எதிரே கலர் சட்டையும் அரைக்கால் சட்டையுமாக ஏழெட்டுப் பேர் வந்தார்கள். முன்னால் வந்த தொந்திக்காரர் நின்றார்.

"ஏலே, எவனும் வெரட்டுதானா?"

"இல்ல அண்ணாச்சி. சும்மா ஓடுதேன்."

"சும்மாவா? நாங்க சூ வாங்கி, வாட்ச் வாங்கி, வீட்டுல ஏச்சும் வாங்கிட்டு ஓடுதோம். இவன் செருப்புல சும்மா ஓடுதானாம்."

அவர் பஜாரில் இரும்புக்கடை வைத்திருப்பவர். அந்தக் குழுவுக்கு அவர்தான் எல்லாம். மறுவாரம் தன் மகனின் பழைய ஷூவைக் கொண்டுவந்து கொடுத்தார். அரை அளவு சின்னது. ஒரு கட்டைவிரல் நகம் போயிற்று. ஆனாலும் நான் குழுவில் ஒருவனானேன்.

அங்கேதான் கிரேன்காரரைச் சரியாகப் பார்த்தேன். சரியாக என்று சொல்கிறேன், ஏனென்றால் அதற்கு முன்பு அவரைக் கீழிருந்துதான் பார்த்திருந்தேன். துறைமுகத்தில் எங்கள் தலைக்கு மேலே, கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து பெட்டிகளைத் தூக்கி இறக்குபவர். நான் நிற்கும் இடத்துக்கு மேலே பெட்டி வந்தால் ஒரு நொடி நிறுத்தி, நான் நகர்ந்த பிறகுதான் இறக்குவார். எல்லா ஆபரேட்டரும் அப்படிச் செய்வதில்லை. ஐம்பத்துநாலு வயது, கடற்கரைத் தெருக்காரர். ஓட்டத்தில் எப்போதும் கடைசி.

எங்கள் பாதை கடற்கரைச் சாலையில் டீக்கடையில் தொடங்கும். ஒரு கிலோமீட்டரில் உப்பளங்களுக்கு நடுவே ஒரு ஓடைப்பாலம். அங்கிருந்து இன்னும் இரண்டு கிலோமீட்டர் போனால் துறைமுக வாசலுக்கு முன்னால் உள்ள ரவுண்டானா. அதைச் சுற்றித் திரும்ப வேண்டும். கடைசியாகத் திரும்பி வருகிறவர் அன்றைக்கு எல்லாருடைய கேலியையும் வாங்கிக்கொள்ள வேண்டும், அதுதான் விதி. கிரேன்காரருக்கு அது நிரந்தர உத்தியோகம்.

"என்ன வே, வழியில கப்பல் எதுவும் எறக்கிட்டு வாரீரா?" என்பார் இரும்புக்கடை அண்ணாச்சி.

"நான் அவசரப்பட்டா உம்ம கடைக்கு வார கம்பி வளைஞ்சிரும் வே. அதான் பையவே வாரேன்."

அவருக்கு ஒரே மகள். மஸ்கட்டில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அவள்தான் அந்தக் கடிகாரத்தை அனுப்பினாள். எத்தனை தூரம் ஓடினார், எவ்வளவு வேகம், ஓடும்போது நெஞ்சு எத்தனை முறை அடித்தது, எல்லாம் கடிகாரத்திலிருந்து அவர் போனுக்குப் போய், அங்கிருந்து அவள் போனுக்கும் போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஓடி முடித்து டீ வாங்கும்போது அவள் குரல் பதிவு வந்திருக்கும். அவர் அதைச் சத்தமாக வைத்து எல்லாருக்கும் கேட்கவிடுவார்.

ஒருநாள் ஓடைப்பாலத்தில் நின்றுவிட்டார். முழங்கால் வலி என்றார். அன்று நான் அவருக்குத் துணையாகப் பக்கத்திலேயே வந்துகொண்டிருந்தேன்.

"ஏலே, இதக் கையில கட்டிக்கோ. அந்த ரவுண்டானா வரைக்கும் போயிட்டு வா."

"எதுக்கு அண்ணாச்சி?"

"ஓட்டம் பாதியில நின்னா பாப்பா போன் போட்டுருவா. என்ன செய்யுது, ஏது செய்யுதுன்னு கேட்டே கொன்னுருவா. போயிட்டு வாலே, நான் இங்கன இருக்கேன்."

கட்டிக்கொண்டு ஓடினேன். திரும்பி வந்தபோது பாலச்சுவரில் உட்கார்ந்து, வாக்கிங் வந்த யாரிடமோ வாங்கிய அவித்த கடலையை உரித்துக்கொண்டிருந்தார். டீக்கடை தெரியும் வரை என்னையே ஓடவிட்டுப் பின்னால் நடந்து வந்தவர், அங்கே கடிகாரத்தை வாங்கிக் கட்டிக்கொண்டு கடைசி நூறு அடியை மட்டும் ஓடி வந்தார். எல்லாரும் கை தட்டினார்கள். எல்லாருக்கும் தெரியும். எல்லாரும் சிரித்தோம்.

அன்று வந்த குரல் பதிவு: "டாடி, என்ன இப்பிடிப் பறக்கீங்க! சூப்பர் டாடி. ஆனா இவ்வளவு வேகம் வேண்டாம், என்ன? பதுக்க ஓடுங்க."

அதைக் கேட்டபோது எனக்குள் ஒன்று நடந்தது. அது நடக்காமல் இருந்திருந்தால் ஒருவேளை நான் மறுமுறை அந்தக் கடிகாரத்தைக் கட்டியிருக்க மாட்டேன். நான் உயிரோடு இருக்கிறேனா என்று யாரும் பார்த்துக்கொண்டிருந்த காலம் எனக்கு நினைவில் இல்லை. அதில் எனக்கு வருத்தமும் கிடையாது, பழகிப்போன விஷயம். ஆனால் அன்று ஒருத்தி எங்கோ உட்கார்ந்து என் நெஞ்சு அடித்ததைப் பார்த்து, வேகம் வேண்டாம், மெதுவாக ஓடு என்கிறாள். அந்தச் சொல் அவருக்குத்தான். ஆனாலும் டீயை ஆற்றிக் குடித்துக்கொண்டே நான் அதை எடுத்துக்கொண்டேன்.

அடுத்த முறை ஓட்டம் தொடங்குமுன்பே, தான் பாலம் வரை நடந்து வந்து உட்கார்ந்துகொள்வதாகச் சொல்லி, அவரே கடிகாரத்தைக் கழற்றி நீட்டினார்.

"ஆனா ஒண்ணுலே. ஒன் வயசுக்கு ஓடாத. என் வயசுக்கு ஓடு."

இதை நான் ஒரு வேலையாகவே எடுத்துக்கொண்டேன். அவர் வேகம் கிலோமீட்டருக்கு எட்டரை நிமிஷம். உப்புக்குவியல்கள் தொடங்கும் இடத்தில் ஐம்பது அடி நடப்பார், பெட்ரோல் பங்க் பக்கம் மறுபடி நடப்பார். எல்லாவற்றையும் அப்படியே செய்தேன். மற்றவர்கள் முந்திப் போகும்போது, "கிரேன் அண்ணாச்சி, ஒதுங்கும்!" என்று என்னைப் பார்த்துக் கத்துவார்கள். நானும் அவரைப் போலவே இடுப்பில் கை வைத்து, "போங்க வே, போங்க" என்பேன். வாரம் மூன்று நாள். வேலை சுத்தமாக இருந்தது. அந்தப் பெருமை இருந்ததை மறைக்க மாட்டேன்.

ஆனால் எங்கள் யாருக்கும் ஒரு விஷயம் தோன்றவில்லை. ஓடுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்தான். வேகத்தை நடிக்கலாம், நாடியை நடிக்க முடியாது. அவர் எட்டரை நிமிஷத்தில் ஓடினால் அவர் நெஞ்சு நிமிஷத்துக்கு நூற்றறுபது தரம் அடிக்கும். நான் அதே வேகத்தில் ஓடினால் நூற்றுப் பன்னிரண்டுதான். அதே வேகம், அடிப்பு மட்டும் குறைந்திருக்கிறது. பார்க்கிறவர்கள் அதற்கு ஒரே அர்த்தம்தான் சொல்வார்கள்: இருதயம் பலமாகிவிட்டது.

அவளும் அப்படித்தான் படித்தாள்.

"டாடி, ஒங்க ஹார்ட் இப்போ எவ்வளவு நல்லா இருக்கு தெரியுமா? என் பிரெண்ட்ஸ்கிட்ட எல்லாம் காட்டினேன். திருநெல்வேலியில அந்த டிரெட்மில் டெஸ்ட்டுக்கு நாள் போட்டிருந்தோம்லா, அத நான் லீவுல வந்த பெறகு பாத்துக்கிடலாம்."

டீக்கடையில் எல்லாரும் ஓவென்று கத்தினார்கள். கிரேன்காரர் மட்டும் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சாலையைப் பார்த்தார். அப்போதுதான் அப்படி ஒரு டெஸ்ட் இருந்ததே எனக்குத் தெரியும். பிறகு நடந்து போகும்போது கேட்டேன்.

"என்ன டெஸ்ட் அண்ணாச்சி?"

"அது ஒண்ணுமில்லலே. அவளுக்கு வேற சோலி இல்ல. அந்த டெஸ்ட்டுல எதாவது கிறுக்கி வச்சான்னா என்னக் கூண்டுல ஏத்த மாட்டான். இருபத்தாறு வருசம் மேல இருந்தவன் கீழ நின்னு என்ன செய்ய?"

முழங்கால் வலி என்ற சாக்கு அதோடு முடிந்திருக்க வேண்டும். நான் முடிக்கவில்லை.

இரண்டாவது வாரக் கடைசியில் ஒருநாள் ரவுண்டானாவிலிருந்து கொஞ்சம் முன்னதாகவே திரும்பிவிட்டேன். தூரத்திலிருந்தே தெரிந்தது. பாலச்சுவரில் குனிந்து உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையால் நெஞ்சின் நடுவே தேய்த்துக்கொண்டிருந்தார். காற்று குளிர்ச்சியாகத்தான் வீசியது, அவர் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. ஓடாத மனிதருக்கு அவ்வளவு வியர்வை.

"என்ன அண்ணாச்சி?"

"வாயுலே. நேத்து பரோட்டா."

"சோடா குடிங்க. சரியாப் போவும்."

நான் சொன்னது இவ்வளவுதான். அது வாயு இல்லை என்று எனக்குத் தெரியும். கப்பல் உடைக்கும் இடத்தில் ஒரு ஆள் இதே மாதிரி நெஞ்சைத் தேய்த்துக்கொண்டிருந்து, மாலைக்குள் போய்ச் சேர்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். தெரிந்தும் சோடா குடிக்கச் சொன்னேன். மறுநாள் காலையில் கப்பல்மேல் நின்றபோது தலைக்கு மேலே அவர் பெட்டி வந்து ஒரு நொடி நின்றது. நான் நகர்ந்தேன். அது இறங்கியது. அப்போதும் ஒன்றும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு ஒரு மாதம் அவருடைய கடிகாரத்தைக் கட்டி ஓடினேன். ஞாயிறுதோறும் எனக்கில்லாத பாராட்டைக் கேட்டேன்.

பிறகு அவள் லீவில் வந்தாள். வந்த மூன்றாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அப்பாவோடு ஓட டீக்கடைக்கே வந்துவிட்டாள். ஒல்லியான பெண், முடியை இறுக்கிக் கட்டியிருந்தாள். எல்லாரிடமும் கை கொடுத்தாள்.

"ஒங்களப் பத்தி டாடி நெறையச் சொல்லியிருக்காங்கண்ணே. நீங்க செருப்புல ஓடினவங்களாமே."

"அது பழைய கதை தங்கச்சி" என்றேன். அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

இரும்புக்கடை அண்ணாச்சிக்கு நிலைமை புரிந்துவிட்டது. "இன்னைக்கு எல்லாரும் சும்மா நடப்போமே வே. பிள்ள வந்திருக்கு, பேசிக்கிட்டே நடப்போம்" என்றார்.

"நடக்கவா? டாடி ஆறு கிலோமீட்டர் அசராம ஓடுறாங்க அங்கிள். நான்தான் பின்னால நிப்பேன்."

கிரேன்காரர் சிரித்தார். கடிகாரம் அன்று அவர் கையிலேயே இருந்தது. "வா பிள்ள, பாப்போம்" என்று முதலில் கிளம்பினார். மகள் முன்னால் தோற்கக் கூடாது என்று வழக்கத்தைவிட வேகமாகவே ஓடினார். நான் அவருக்குப் பக்கத்தில் ஓடினேன். அந்த முதல் கிலோமீட்டர்தான் நான் ஓடியதிலேயே நீளமானது. அவர் மூச்சு எனக்குக் கேட்டது. அவர் திரும்பி ஒருமுறை என்னைப் பார்த்தார். சொல்லாதே என்ற பார்வை. பாலம் தெரிந்தது. அதைத் தாண்டிவிட்டால் நிற்க வேறு இடமில்லை, அவரும் நிற்க மாட்டார் என்று தெரிந்தது.

பாலத்தில் நான் நின்றேன். அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துவிட்டேன்.

"என்னலே?"

"உக்காருங்க அண்ணாச்சி."

"கைய எடுலே."

நான் எடுக்கவில்லை. "தங்கச்சி, அந்த ஓட்டம் எல்லாம் நான் ஓடினது. வாட்ச் என் கையில இருந்துச்சு. நீங்க பாத்தது என் நாடி."

அவளுக்கு உடனே புரியவில்லை. என்னைப் பார்த்தாள், அப்பாவைப் பார்த்தாள். அவர் அப்போது பாலச்சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், உதடு வெளுத்திருந்தது. அவள் அவரை உட்கார வைத்து, கழுத்தில் இரண்டு விரலை வைத்தாள். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. தன் விரலில் எண்ணினாள். எண்ணி முடித்து இரும்புக்கடை அண்ணாச்சியிடம் கார் கொண்டுவரச் சொன்னாள். அவர் அந்தத் தொந்தியோடு டீக்கடைக்கு ஓடிய வேகத்தை அன்றுதான் பார்த்தேன்.

கார் வரும்வரை ஒரு பத்து நிமிஷம். அவள் இடுப்பில் கட்டியிருந்த சின்னப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்து, மென்று விழுங்கச் சொல்லி அவரிடம் கொடுத்தாள். பிறகு போனைத் திறந்து என் பக்கம் நீட்டினாள்.

"டாக்டர் கேப்பாரு. எது அப்பா, எது நீங்கன்னு எனக்குத் தெரியணும். இது?"

"நான்."

"இது?"

"அதும் நான்தான்."

ஒவ்வொன்றாகத் தள்ளினாள். ஒன்றரை மாத ஓட்டம். நான், நான், நான். கள்ளச்சாவி போட்ட வீட்டை அறை அறையாகக் காட்டிக் கொடுப்பதுபோல் இருந்தது. கிரேன்காரர் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"இது?"

அது ஒரு புதன்கிழமை. ஓட்டம் அரைக் கிலோமீட்டர்கூட இல்லை. அடிப்பு நூற்றெழுபதைத் தாண்டி ஏறி, இறங்காமல் அங்கேயே இருந்தது. புதன்கிழமை நாங்கள் ஓடுவதில்லை.

"இது நான் இல்ல."

அவள் கீழே தள்ளினாள். அப்படி மூன்று இருந்தன. மூன்றும் புதன்கிழமை. மூன்றும் துண்டு ஓட்டம்.

"நான்தான்" என்றார் கிரேன்காரர், கண்ணைத் திறக்காமல். "முடியுதான்னு தனியா ஓடிப் பாத்தேன்."

அவள் போனை மடியில் வைத்தாள். என்னைப் பார்த்துத்தான் பேசினாள். கோபமாகக்கூட இல்லை.

"இந்த மூணையும் நான் அன்னைக்கே பாத்தேன். மத்த நாள் எல்லாம் இவ்வளவு ஒழுங்கா இருக்கே, இது வாட்ச் கோளாறுன்னு விட்டுட்டேன். வாட்ச்சைக் கொஞ்சம் இறுக்கிக் கட்டச் சொல்லணும்னு நெனச்சேன்."

அவர் மூன்று முறை உண்மையைச் சொல்லியிருக்கிறார். அதை யாரும் கேட்காதபடி செய்தது என் சுத்தமான வேலை.

திருநெல்வேலிக்குக் கொண்டுபோனார்கள். இரண்டு இடத்தில் அடைப்பு, இரண்டு ஸ்டென்ட். இன்னும் கொஞ்ச நாள் தள்ளியிருந்தால் கூண்டுக்குப் போகும் ஏணியிலேயே முடிந்திருக்கும் என்று டாக்டர் சொன்னதாக இரும்புக்கடை அண்ணாச்சி வந்து சொன்னார். அவரும் சிரிக்காமல் பேசியது அன்றுதான். "நம்ம எல்லாருக்கும் இதுல பங்கு இருக்குலே" என்றார். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று சொன்னார். இருக்கவில்லை. அவர்கள் சிரித்தார்கள், அவ்வளவுதான். அவர் நெஞ்சைத் தேய்த்ததைப் பார்த்தவன் நான் ஒருவன்தான்.

ஆஸ்பத்திரிக்கு நான் போகவில்லை. இப்படிப்பட்ட நேரத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வழி ஊரைவிட்டுப் போவது. பையை அடுக்கியும்விட்டேன். இரண்டு சட்டை, ஒரு போர்வை, அந்த ஷூ. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் மதுரை வண்டியில் ஏறி உட்கார்ந்து, வண்டி கிளம்புமுன் இறங்கிவிட்டேன். நல்லவனாகிவிட்டேன் என்பதற்காக இல்லை. போனால் இனி எந்த ஊரிலும் யார் பக்கத்திலும் ஓட முடியாது என்று தோன்றியது.

அவரைக் கூண்டில் ஏற்றவில்லை. இப்போது யார்டு வாசலில் மேஜை போட்டு உட்கார்ந்து, வரும் போகும் கன்டெய்னர் நம்பரைச் சரிபார்க்கிறார். நான் வேலைக்குப் போகும்போது அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். இரண்டு மாதம் அவர் தலை நிமிரவில்லை. நானும் வணக்கம் சொல்ல வாய் வராமல் பாஸை மட்டும் நீட்டிவிட்டுப் போனேன். மேலே இப்போது வேறு ஆபரேட்டர். அவர் பெட்டி நிற்பதில்லை. நான்தான் அண்ணாந்து பார்த்து ஒதுங்குகிறேன்.

மூன்றாவது மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை டீக்கடைக்கு வந்தார். நடக்க மட்டும் அனுமதி. எல்லாரும் ஓடிப் போனார்கள். நான் பத்தடி பின்னால் நடந்தேன். பாலத்தில் ஷூவுக்குள் கல் புகுந்துவிட்டது என்று உட்கார்ந்தார். குனிய வசதியாகக் கடிகாரத்தைக் கழற்றி, பழக்கத்தில் என் பக்கம் நீட்டினார். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

"கட்டச் சொல்லலைலே. பிடிச்சிக்கோ."

"வேண்டாம் அண்ணாச்சி. சுவர்மேல வைங்க."

வைத்தார். கல்லை உதறிவிட்டு மறுபடி கட்டிக்கொண்டார். எழுந்து நாலடி நடந்த பிறகு, திரும்பாமலே சொன்னார். "கூண்டுல இருந்து பாத்தா கடல் வேற மாதிரி இருக்கும். ஒனக்கு அது தெரியாது." அது திட்டா, என்னோடு பேசத் தொடங்கியதா, எனக்குத் தெரியவில்லை. பின்னாலேயே நடந்தேன்.

இப்போது வாரம் தவறாமல் வருகிறார். கேலியும் திரும்பிவிட்டது. கடைசி இடம் இன்றும் அவருக்குத்தான், அவரோடு நடப்பதால் எனக்கும். அவள் மஸ்கட் திரும்பிவிட்டாள். ஞாயிறு டீ வாங்கும் நேரத்தில் குரல் பதிவு வருகிறது, அவர் பழையபடி சத்தமாக வைக்கிறார். "டாடி" என்று தொடங்கும்போதே நான் கிளாஸைக் கொண்டுபோய் வைக்க எழுந்துவிடுகிறேன். கிளாஸில் பாதி டீ இருக்கும். யாரும் என்னை உட்காரச் சொல்வதில்லை.